சாவி யாரிடம்? திருச்சிக் கழிப்பறைகள் சொல்லும் புதுமையின் கதை

"சமூக நிறுவனங்களில் புதுமையின் பங்கு" என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தத் தலைப்பை நான் மாற்றவில்லை. ஆனால் இந்த ஒரு மணி நேரமும் நான் பேசப்போவது கழிப்பறையைப் பற்றித்தான். மலைக்கோட்டைக்கும் அரங்கன் கோபுரத்துக்கும் பெயர்பெற்ற இந்த ஊர், கடந்த நாற்பது ஆண்டுகளில் கழிப்பறை விஷயத்தில் நாட்டுக்கே சில பாடங்களைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். இங்கே படிக்கிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

முதலில் ஸ்ரீரங்கத்திலிருந்து தொடங்குகிறேன். நான் பிறந்து வளர்ந்த வீடு அடையவளஞ்சான் தெருவில். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அப்புறம் கிணறு, கொல்லை என்று ரயில்பெட்டிபோல் நீண்டுகொண்டே போகும் வீடு. கொல்லையின் கடைசியில், மலத்தைக் கையால் அள்ளி எடுக்கும் எடுப்புக் கக்கூஸ். அதற்குப் பின்னால் ஒரு சின்னத் தகரக் கதவு, அதற்கும் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்து வழியாக விடியற்காலையில் ஒரு அம்மாள் வருவார், வேலையை முடித்துவிட்டு அதே வழியில் போவார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. பெயரும் தெரியாது. வீட்டின் அமைப்பே அவரை நாங்கள் பார்க்காதபடி செய்துவைத்திருந்தது. கொத்தனாரும் வீட்டுக்காரரும் சேர்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது. கழிப்பறை பற்றி எந்தப் புதுத் திட்டத்தைக் காட்டினாலும் என் கண் அந்தத் தகரக் கதவைத்தான் தேடும். கடைசிக் கட்ட வேலையை யார் செய்யப்போகிறார்? எந்த வழியாக வரப்போகிறார்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

காவிரியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் வேறொரு நிலவரம். திருச்சியின் குடிசைப் பகுதிகளில் வீட்டுக்குள் கழிப்பறை கட்ட இடமே கிடையாது. பத்துக்குப் பத்து அறையில் அடுப்பும் தூளியும் போக என்ன மிச்சம்? பொதுக் கழிப்பிடம்தான் கதி. நாட்டின் எல்லா நகரங்களையும் போல இங்கேயும் அரசுப் பணத்தில் பொதுக் கழிப்பிடங்கள் கட்டப்பட்டன. கட்டிய ஓராண்டில் குழாய் போகும், அடுத்த ஆண்டில் விளக்கு போகும், பிறகு கதவு போகும். அதற்குப் பிறகு பெண்கள் இருட்டுக்காகக் காத்திருப்பார்கள். வாய்க்கால் கரையும் ரயில் பாதை ஓரமும்தான் அவர்களுக்கு. விடிவதற்கு முன்னே ஒருமுறை, பொழுது சாய்ந்த பின்னே ஒருமுறை, நடுவில் தண்ணீரே குடிக்காமல் இருப்பது. இதை ஒரு தலைமுறைப் பெண்கள் உடம்பால் அனுபவித்தார்கள்.

2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் இங்கே ஒரு திருப்பம் நடந்தது. எஸ். தாமோதரன் 1987இல் தொடங்கிய கிராமாலயா தொண்டு நிறுவனமும், மாராச்சி சுப்புராமன் 1986இல் தொடங்கிய ஸ்கோப் அமைப்பும், வாட்டர்எய்டு என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பின் உதவியோடு மாநகராட்சியிடம் பேசின. பாழடைந்து கிடந்த கழிப்பிடங்களைச் சீர்செய்து அந்தந்தப் பகுதிப் பெண்களிடமே ஒப்படைப்பது என்று ஏற்பாடாயிற்று. ஏற்கெனவே மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருந்தன. தமிழ்நாட்டில் அந்த இயக்கம் 1989இல் தருமபுரியில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியிருந்தது. அந்தக் குழுக்களிலிருந்து சில பெண்கள் சேர்ந்து துப்புரவு, சுகாதாரக் கல்விக் குழு அமைத்தார்கள். அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ‘ஷீ’ (SHE) குழு என்பார்கள். முறைவைத்து வாசலில் உட்கார்வது, வருகிறவரிடம் காசு வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பது, மின்சாரக் கட்டணம், பினாயில், சுத்தம் செய்பவர் சம்பளம் எல்லாம் அதிலிருந்தே கட்டுவது, மிச்சத்தை வங்கியில் போடுவது. தொடக்கத்தில் ஒருமுறைக்கு ஐம்பது காசு. குழந்தைகளுக்குக் காசு இல்லை.

இதில் புதுமை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். காசு வாங்குவது புதிதில்லை. சுலப் இயக்கத்தின் பிந்தேஷ்வர் பாடக் 1974இலேயே பாட்னாவில் கட்டணக் கழிப்பிடத்தை நடத்திக் காட்டிவிட்டார். பீங்கான் பழையது, குழி பழையது, கட்டடமும் பழையது. மாறியது ஒன்றே ஒன்று: சாவி யார் கையில் இருக்கிறது, நோட்டு யார் கையில் இருக்கிறது என்பது. அந்தக் கழிப்பிடம் மூடினால் யார் வாய்க்கால் கரைக்குப் போக வேண்டியிருக்குமோ அவரிடமே சாவி வந்தது.

அப்படி ஒரு கழிப்பிடத்து வாசலில் ஒரு காலைப்பொழுது முழுதும் நான் உட்கார்ந்திருக்கிறேன். மேசைமேல் நாற்பது பக்க நோட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவில் சில்லறை. நோட்டைப் பார்க்கக் கேட்டேன். அந்த அம்மா முதலில் தன் குழுவில் இன்னொருவரைக் கூப்பிட்டு, "கணக்கக் காட்டலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். வரவு, செலவு, கையிருப்பு என்று மூன்றே பத்தி. ஒரு பக்கத்தில் "மோட்டார் ரிப்பேர்" என்று எழுதி, அதன் எதிரே முதலில் எழுதிய தொகையை அடித்துவிட்டுக் குறைத்து எழுதியிருந்தது. என்ன இது என்றேன். "மெக்கானிக் கூடச் சொன்னான் சார். வேற கடையில விசாரிச்சுட்டு வந்து கொறச்சோம்" என்றார். மேலாண்மைப் படிப்பில் உரிமையுணர்வு என்று ஒரு பாடம் வருமே, அது இந்த அடித்தலுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பிறர் பணத்தில் ஓடும் மோட்டாருக்கு யாரும் இரண்டாவது கடையில் விசாரிப்பதில்லை.

கல்மந்தை என்ற குடிசைப் பகுதி 2002இல் திறந்தவெளிக்குப் போவதை முற்றிலும் நிறுத்தியது. அடுத்த ஆண்டு, 2003இல், தாண்டவம்பட்டி கிராமம் அதே நிலையை எட்டியது. நாட்டிலேயே இவைதான் முதல் என்று கிராமாலயா தன் வரலாற்றில் எழுதியிருக்கிறது. தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியது 2014 அக்டோபர் 2இல் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டு வீடுகளில் 48.3 விழுக்காட்டில்தான் வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தது, 45.7 விழுக்காட்டு வீட்டார் திறந்தவெளிக்குத்தான் போனார்கள். பள்ளிக்கூடமும் சத்துணவும் பேருந்தும் முன்னேறிய மாநிலத்தின் நிலை இது. 2016இல் தூய்மை நகரங்களின் மத்திய அரசுப் பட்டியலில் திருச்சி மூன்றாம் இடம் பெற்றபோது மாலையும் மரியாதையும் பலருக்குக் கிடைத்தன. அந்த பிஸ்கட் டப்பாக்காரர்கள் மேடையில் இருந்தார்களா என்று நான் தேடினேன்.

குழந்தைகள் விஷயம் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கழிப்பிடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதும் வாசலில் இருந்த சாக்கடை ஓரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள். குழுப் பெண்கள் திட்டிப் பார்த்தார்கள், பயனில்லை. அப்புறம்தான் பிள்ளைகள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார்கள். உள்ளே இருட்டு, பீங்கான் பெரிது, கால் அகட்டினால் விழுந்துவிடுவோமோ என்று பயம், கதவைச் சாத்தினால் இன்னும் பயம், காலை அவசரத்தில் பெரியவர்கள் வரிசையில் இடித்துத் தள்ளுவார்கள். அதனால் குழந்தைகளுக்கென்று தனியாக, கதவே இல்லாமல், வெளிச்சத்தில், ஆழம் குறைந்த சின்ன இருக்கைகளை வரிசையாகக் கட்டினார்கள். பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டுப் போகலாம். பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான். சாக்கடை ஓரம் காலியானது. இந்த வடிவமைப்பைச் சொன்னது ஒரு பொறியாளரின் வரைபடமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. தினமும் அந்த வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கண்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இனி பணத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டுமுறை என்றால் பத்துமுறை, ஐந்து ரூபாய். மாதத்துக்கு நூற்றைம்பது. அன்றைய நிலவரத்தில் ஒரு கூலிக்காரப் பெண்ணின் இரண்டு மூன்று நாள் சம்பளம் அது. கட்டணக் கழிப்பிடத்தைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை; பாராட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன். கொஞ்சம் இடமாவது உள்ள குடும்பத்துக்கு, இதே தொகையைத் தவணையாகக் கட்டினால் சொந்தக் கழிப்பறையே வந்துவிடுமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் கடன் யார் தருவார்? மாடு வாங்கக் கடன் உண்டு, தையல் இயந்திரத்துக்கு உண்டு. கழிப்பறை பால் கறக்குமா என்று கேட்பார்கள். 2010இல் ஆந்திராவில் நுண்கடன் நெருக்கடி வந்த பிறகு, ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு மறு ஆண்டு தந்த அறிக்கையிலும், நுண்கடனில் குறைந்தது 75 விழுக்காடு வருமானம் ஈட்டும் காரியங்களுக்கே போக வேண்டும் என்றுதான் பரிந்துரை இருந்தது. கந்துவட்டிபோல் மாறிவிட்ட தொழிலைக் கட்டுப்படுத்தச் சொன்ன நல்ல விதிதான். ஆனால் அந்த விதியின் கண்ணில் கழிப்பறை ஒரு செலவாகத்தான் இருந்தது.

அதற்கு முன்பே, 2007இல், திருச்சியில் கிராமாலயாவிலிருந்து கிளைத்தது ‘கார்டியன்’ என்ற நுண்கடன் நிறுவனம். தண்ணீர் இணைப்புக்கும் கழிப்பறைக்கும் மட்டுமே கடன் தருவது என்று வைத்துக்கொண்டது. வாட்டர் டாட் ஆர்க் அமைப்பு துணை நின்றது. மகளிர் குழுவுக்குள் ஒருவருக்கொருவர் பொறுப்பு, மாதத் தவணை என்ற பழைய முறைதான். புதிது என்னவென்றால், சம்பாதித்துத் தராத பொருளும் கடனைத் திருப்பிக் கட்டவைக்கும் என்று நம்பியது. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் போகும் மருத்துவச் செலவு, பொழுது விடியும்வரை காத்திருந்து வேலைக்குப் பிந்திப்போவதால் போகும் அரைநாள் கூலி, இவையெல்லாம் எந்த நோட்டிலும் எழுதப்படாத செலவுகள். பெண்களுக்கு மனக்கணக்காகத் தெரிந்தவை. அந்த மனக்கணக்கை நம்பி ஒரு நிறுவனத்தைக் கட்டியதைத்தான் நான் துணிச்சல் என்பேன். வங்கிக்காரருக்குப் புரியாத வரவு ஒன்று ஏழை வீட்டில் இருக்கிறது என்று கண்டுகொண்ட துணிச்சல்.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும், 1992இல் ஆரோலேப் தொடங்கி உள்விழி வில்லையை உள்ளூரிலேயே செய்து விலையை அடியோடு குறைத்ததும் உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். கோவை அருணாசலம் முருகானந்தத்தின் நாப்கின் இயந்திரமும் வந்திருக்கும். அவை கண்ணுக்குத் தெரியும் புதுமைகள். பொருளைக் கையில் எடுத்துக் காட்டலாம். திருச்சிப் புதுமை அப்படிக் காட்ட முடியாதது. அதனால்தான் பாடநூலில் இடம் கிடைப்பதும் கடினமாக இருக்கிறது.

காட்டக்கூடிய ஒன்றும் இங்கே உண்டு. முசிறிக்குப் போங்கள். காவிரிக் கரை ஊர், தோண்டினால் சில அடியிலேயே தண்ணீர். குழிக் கழிப்பறை கட்டினால் கழிவு கிணற்றுத் தண்ணீரில்தான் கலக்கும். ஸ்கோப் அமைப்பு அங்கே தரைக்கு மேலேயே தொட்டி கட்டும் சூழலுகந்த கழிப்பறையைக் கொண்டுவந்தது. மலத்துக்கு ஒரு துளை, சிறுநீருக்கு ஒரு வழி, கால் கழுவும் தண்ணீருக்கு வேறொரு வழி. போன பிறகு ஒரு கை சாம்பல் தூவ வேண்டும். ஒரு தொட்டி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். மூடிய தொட்டியில் மாதக்கணக்கில் கிடந்து மக்கி, மண்வாசனையோடு எருவாக வெளியே வரும். கழுவிய தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போகும். சிறுநீரைச் சேர்த்துவைத்து, நீர் கலந்து வாழைக்குப் பாய்ச்சிப் பார்த்தார்கள். சாலியர் தெருவில் அமைத்த பொதுக் கழிப்பிடத்தில், பயன்படுத்துகிறவர்களுக்கே காசு கொடுத்தார்கள். எரு தருகிறவர் அல்லவா, அதற்கு விலை! செய்தியாளர்கள் உலகம் முழுவதிலிருந்தும் வந்தார்கள்.

எனக்கு அந்தக் கழிப்பறையின்மேல் அளவற்ற மரியாதை உண்டு. ஆனாலும் மாணவர்களிடம் முழுதாகச் சொல்ல வேண்டும். அது ஊரெங்கும் பரவவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து நகர்ந்து வேறிடத்தில் கழுவ வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு அது தெரியாது, மருமகள் எப்படி மாமனாருக்குச் சொல்லிக்கொடுப்பாள்? இன்னொன்று, சாம்பல். விறகடுப்பு இருந்தவரை சாம்பலுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு எரிவாயு வந்தது, நல்லது, பெண்களின் நுரையீரல் தப்பித்தது. சாம்பலும் போயிற்று. ஒரு நல்ல மாற்றம் இன்னொரு நல்ல மாற்றத்தின் காலைத் தட்டிவிடும் என்று எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுத முடியாது. அதே வீட்டில் பத்து ஆண்டு கழித்துப் போய்ப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். சமூக நிறுவனத்துக்கு நன்கொடை தருகிறவர்கள் மூன்றாண்டுக்குத் தருகிறார்கள். கழிப்பறை இருபது ஆண்டு இருக்க வேண்டிய பொருள். இந்த இடைவெளியில்தான் நல்ல காரியங்கள் பல மடிகின்றன.

சுப்புராமனுக்கு 2021இலும் தாமோதரனுக்கு 2022இலும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரே மாவட்டத்தில், கழிப்பறைக்காக, அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு பத்மஸ்ரீ. திருச்சிக்காரனாக எனக்கு அது பெருமை.

இப்போது அந்தத் தகரக் கதவுக்குத் திரும்புகிறேன். எடுப்புக் கக்கூஸைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதையும் தடைசெய்து 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், அப்படி இறங்கி இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் இழப்பீடு என்றது. 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை உயர்வதைப் படிக்கும்போது, இறப்பு நிற்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

இரட்டைக் குழிக் கழிப்பறை என்று ஒன்று உண்டு. இரண்டு ஆழமில்லாத குழிகள், நடுவில் பிரிவுத் தொட்டி. ஒரு குழி நிறைய சில ஆண்டுகள் ஆகும். நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றதற்குத் திருப்பினால், அடைத்தது மக்கி நாற்றமில்லாத உரமாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டி எடுத்து அள்ளலாம். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அதாவது, பின்பக்கத் தகரக் கதவே தேவைப்படாத கழிப்பறை. அரசுத் திட்டமும் அதைத்தான் சொல்கிறது. நம் மக்கள் என்ன கட்டுகிறார்கள்? "ஆழமா ஒரே குழியா உறை எறக்கிட்டா இருபது வருசத்துக்குக் கவல இல்ல" என்று கட்டுகிறார்கள். இருபது வருடம் கழித்து யாரோ ஒருவர் வருவார் என்ற நம்பிக்கை. அந்த யாரோ எந்தச் சாதியிலிருந்து வருவார் என்பதும் நமக்குத் தெரியும். சொந்தக் குழியைத் தானே தொட மாட்டேன் என்கிற மனம் இருக்கிறவரை எந்தத் தொழில்நுட்பமும் பாதி வழியில்தான் நிற்கும். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம் முயற்சிகள் நடக்கின்றன. தொட்டிக் கழிவை லாரியில் உறிஞ்சி எடுத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்ல 2014இல் தமிழ்நாடு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய நகர்ப்புறத் துப்புரவு ஆதரவுத் திட்டம் திருச்சியை முன்மாதிரி நகரங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. லாரிக்காரர்கள் கழிவை ஆற்றோரத்தில் கொட்டாமல், கழிவுநீர் நிலையத்தில் இறக்க வழி வந்தது.

மண்ணுக்கடியில் இருப்பதைப் பற்றி ஸ்ரீரங்கம் கோயிலிலேயே ஒரு நிகழ்ச்சி. 156 ஏக்கர் வளாகம், மழை பெய்தால் பிராகாரத்தில் தண்ணீர் நிற்கும். 2015 கும்பாபிஷேகத்தை ஒட்டி நடந்த திருப்பணியில், காலப்போக்கில் மூடிப்போயிருந்த பழைய மழைநீர் வடிகால்களைத் தோண்டி மீட்டெடுத்தார்கள். புதிதாக எதையும் கட்டாமல், முன்னோர் செய்துவைத்த வழியைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் வடிந்தது. அந்தத் திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. மண்ணுக்கடியில் இருப்பது எது, எங்கே போகிறது என்று தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதற்காக இதைச் சொன்னேன். ஏனென்றால் நம் வீடுகளில் அது தெரியவில்லை.

போன மாதம் நகரின் ஓரத்தில் ஒரு புதுக் குடியிருப்பில் கழிவுநீர் லாரி ஒன்று நின்றிருந்தது. குழாயைப் பிடித்திருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பெயரைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். வேலையில் எது கஷ்டம் என்றேன். நாற்றம் என்பார், கூலி என்பார் என்று நினைத்தேன். "டேங்க் மேல டைல்ஸ் ஒட்டிடுறாங்க சார். மூடி எங்க இருக்குன்னு வீட்டுக்காரருக்கே தெரியல. ஒடைக்க விடமாட்டாங்க. சின்னதா ஒரு ஓட்ட போட்டு, அதுல மூங்கிலவிட்டுக் கலக்கி, கிட்ட குனிஞ்சுதான் குழாய எறக்கணும். அப்பதான் காத்து மூஞ்சில அடிக்கும்" என்றார்.

மூடி எங்கே என்று தெரியாததால் ஒரு மனிதன் விஷவாயுவின் மேல் குனிய வேண்டியிருக்கிறது. கட்டட அனுமதியில் ஒரு வரி சேர்ப்பதா, டைல்ஸ் நிறத்திலேயே தூக்கித் திறக்கும் மூடி செய்வதா, தொட்டி இருக்கும் இடத்தை வீட்டுவரி ரசீதோடு பதிந்துவைப்பதா, எனக்குத் தெரியவில்லை. இங்கே கட்டடப் பொறியியல் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள், வணிகவியல் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள், சமூகப்பணி படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். மூன்று பேர் சேர்ந்து இந்த ஒரு மூடிக்கு வழி யோசித்தால், எனக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். கல்லூரி அலுவலகத்தில் என் முகவரி இருக்கிறது. குழாய் பிடித்த அந்த மனிதர் தினமும் காலை ஐந்தரைக்கு லாரி எடுக்கிறார். நான் உங்களை அழைத்துக்கொண்டு போகிறேன்.